கொயருக்குப் புதிய இசை இயக்குநர்: தேடல் தொடங்கி முதல் கச்சேரி வரை

வாரம் ஒரு மாலை கூடிப் பாடும் அமெச்சூர் கொயர் ஒன்றின் நிர்வாகக் குழுவில் இருக்கிறீர்கள். பல ஆண்டுகளாகக் குழுவை நடத்திவந்த இயக்குநர் விடைபெறப் போகிறார். அடுத்தவரை எப்படித் தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். இது உங்களுக்காக எழுதியது.

எங்கள் குழுவில் இந்தப் பொறுப்பு வந்தபோது கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. பெரிய இசைக்குழுக்கள் எப்படி ஆள் எடுக்கின்றன என்று தேடினால் கிடைக்கிறது. ஆனால் அவர்களுக்கு அலுவலகம் உண்டு, சம்பளம் வாங்கும் நிர்வாகி உண்டு. நம்மைப் போன்ற குழுக்களில் பணம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பேர்தான்: இயக்குநரும் பியானோ வாசிப்பவரும். மற்ற எல்லாரும் பகல் வேலையை முடித்துவிட்டுக் களைப்போடு வந்து பாடுகிறவர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பித்தவர் உங்கள் பாடகர்கள் முன்னால் நின்று ஒத்திகை நடத்தும் முக்கால் மணி நேரத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பட்டங்கள், பாராட்டுக் கடிதங்கள், நேர்காணல் பேச்சு எல்லாம் அதற்குப் பிறகு. கீழே உள்ள மற்ற படிகள் எல்லாமே அந்த முக்கால் மணி நேரம் உண்மையைக் காட்டும்படி செய்துகொள்ளும் ஏற்பாடுகள்.

1. முதலில் காலெண்டரை எடுங்கள்

புதியவர் நடத்தப்போகும் முதல் ஒத்திகையின் தேதியைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். குழுவைப் பற்றிய குறிப்பும் பட்ஜெட்டும் தயாரிக்க ஒரு மாதம். விளம்பரம் திறந்திருக்க 4 முதல் 6 வாரம். வந்ததைப் படித்து, வீடியோ பார்த்து, பரிந்துரைப்பவர்களிடம் பேச 3 வாரம். இறுதிச் சுற்றுக்கு வருகிறவர்களுக்குத் தலைக்கு ஒரு வாரம். பேரம் பேசி ஒப்பந்தம் போட 2 அல்லது 3 வாரம். அதற்கப்புறம் அவர் பாடல்களைத் தேர்ந்தெடுத்து, ஸ்கோர் (பாடலின் இசைக் குறிப்புப் பிரதி) வாங்கி, படித்துத் தயாராக இரண்டு மாதமாவது வேண்டும். மொத்தம் 7 மாதம் ஆகிவிடும்.

நல்ல இயக்குநர்களுக்கு ஏற்கெனவே வேறு குழுவோ, பள்ளி வேலையோ இருக்கும். அங்கே அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வர வேண்டும். சீசன் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது விளம்பரம் போட்டால், அப்போது சும்மா இருப்பவர்கள் மட்டுமே விண்ணப்பிப்பார்கள்.

7 மாதம் இல்லையா? சரி, ஒரு சீசனுக்குத் தற்காலிக இயக்குநரைப் போட்டுவிட்டு நிதானமாகத் தேடுங்கள். இதில் ஒரு பொறி உண்டு. தற்காலிகமாக வந்தவர் நிரந்தரப் பதவிக்கும் போட்டியிடலாமா, கூடாதா என்பதை அவர் வேலையைத் தொடங்கும் முன்பே எழுத்தில் முடிவு செய்துவிடுங்கள். பாதி சீசன் ஓடிய பிறகு இந்தப் பேச்சு எழுந்தால், அவரோடு நெருக்கமாகிவிட்ட பாடகர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறு பக்கம் என்று குழு பிளந்துபோகும்.

2. விடைபெறுபவரிடம் வாங்கிவைக்க வேண்டியவை

பிரிவுபசார நிகழ்ச்சி முடிந்த பிறகு இவற்றைக் கேட்பது சங்கடம். அவர் இன்னும் வாரா வாரம் வந்துகொண்டிருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

ஸ்கோர் நூலகத்தின் பட்டியல். பாடல், இசையமைத்தவர், கொயருக்காக அமைத்தவர், பதிப்பகம், எந்தக் குரல்களுக்கு, எத்தனை பிரதி. அப்புறம் கடந்த ஐந்து ஆண்டுகளின் நிகழ்ச்சி நிரல்கள், அரங்க முன்பதிவுக் கடிதங்கள், வாடகைக்கு எடுத்த ஸ்கோர்களின் ரசீதுகள், மின்னஞ்சல் மற்றும் கோப்புகளின் கடவுச்சொற்கள். அடுத்த சீசனுக்கு அவர் யாருக்காவது வாய்மொழியாக வாக்குக் கொடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். தனிப்பாடல் பாடத் தருவதாக ஒரு பாடகரிடம் சொல்லியிருப்பார், சேர்ந்து நிகழ்ச்சி நடத்துவதாக இன்னொரு குழுவிடம் சொல்லியிருப்பார். அந்தக் கடன்கள் எல்லாம் புதியவர் தலையில்தான் வந்து விழும்.

பட்டியலை நம்பி நின்றுவிடாமல் பெட்டிகளைத் திறந்து எண்ணுங்கள். எங்கள் அலமாரியில் ஒரு பெட்டியின் மேல் "40 பிரதிகள்" என்று எழுதியிருந்தது. உள்ளே 31 இருந்தன. அவற்றில் ஒன்பது, ஓரம் கறுத்துப்போன நகல்கள். மூன்று வெவ்வேறு இயக்குநர்களின் பென்சில் குறிகள் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே இடத்தில் "மூச்சு எடு", "மூச்சு எடுக்காதே" இரண்டும். இதை நம்பிப் புதியவர் அந்தப் பாடலை நிகழ்ச்சியில் சேர்த்துவிட்டால் மீதிப் பிரதிகளைக் கடைசி நேரத்தில் அலைந்து வாங்க வேண்டியிருக்கும்.

நகல் விஷயத்தில் கறாராக இருங்கள். காப்புரிமை உள்ள ஸ்கோரை ஒரு பிரதி வாங்கி எல்லாருக்கும் நகலெடுப்பது சட்ட மீறல். லாப நோக்கில்லாத குழு என்பதால் அது சரியாகிவிடாது. இசையமைத்தவர் இறந்து 50 முதல் 70 ஆண்டுகள் வரை காப்புரிமை நீடிப்பதுதான் பெரும்பாலான நாடுகளின் சட்டம். சில நாடுகளில் இன்னும் நீளம். இசையமைத்தவர் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முந்தையவராக இருந்தாலும், அதைக் கொயருக்கு ஏற்றபடி அமைத்தவர் இன்று உயிரோடு இருந்தால், அந்த அமைப்புக்கு அவருடைய உரிமை தனி. உரிமை முடிந்த ஸ்கோர்களுக்கு ஐ.எம்.எஸ்.எல்.பி., சி.பி.டி.எல். என்ற இரண்டு இணைய நூலகங்கள் இருக்கின்றன. கொயருக்கென்றே இருப்பது இரண்டாவது. அங்கேயும் ஒவ்வொரு ஸ்கோருக்கும் போட்டிருக்கும் உரிமைக் குறிப்பைப் படித்துவிட்டே அச்சிடுங்கள்.

3. உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்

உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். எத்தனை பேர், சொப்ரானோ (பெண்களின் மேல் குரல்), ஆல்டோ (பெண்களின் கீழ்க் குரல்), டெனர் (ஆண்களின் மேல் குரல்), பாஸ் (ஆண்களின் கீழ்க் குரல்) ஒவ்வொன்றிலும் எத்தனை, வழக்கமான ஒத்திகைக்கு உண்மையில் எத்தனை பேர் வருகிறார்கள், ஸ்கோர் பார்த்துப் பாடத் தெரிந்தவர்கள் எத்தனை, கேட்டுக் கேட்டுப் பழகுகிறவர்கள் எத்தனை, குரல் தேர்வு வைத்துச் சேர்க்கிறீர்களா, யார் வந்தாலும் சேர்த்துக்கொள்கிறீர்களா.

பட்டியலில் ஐந்து டெனர்கள் இருப்பார்கள், ஒத்திகைக்கு இரண்டு பேர் வருவார்கள். அநேகமாக எல்லா அமெச்சூர் கொயர்களிலும் இதே கதைதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை மறைத்து, "நான்கு குரல்களும் சமநிலையில் உள்ள குழு" என்று எழுதிவிட்டால், எட்டுக் குரல் பிரிவுள்ள பாடல்களைக் கனவு கண்டுகொண்டு ஒருவர் வருவார். முதல் மாதத்திலேயே இரு தரப்புக்கும் ஏமாற்றம்.

இந்தப் பக்கத்தை எழுதும் முன் பாடகர்களிடம் மூன்றே கேள்விகள் கேட்டு, பெயர் போடாமல் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்தக் குழுவில் எது மாறவே கூடாது? எது மாற வேண்டும்? நீங்கள் ஒத்திகைக்கு வராமல் போவதற்கு உண்மையான காரணம் என்ன? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்கள் கொஞ்சம் சுடும். புதிய இயக்குநருக்கு அதிகம் பயன்படப்போவதும் அதுதான்.

4. பணக் கணக்கு

பெரும்பாலான குழுக்கள் ஒத்திகை நேரத்தை மட்டும் எண்ணி ஊதியம் நிர்ணயிக்கின்றன. வாரம் 2 மணி நேரம், ஆண்டுக்கு 30 வாரம், ஆக 60 மணி நேரம் என்று. இது பாதிக் கணக்குகூட இல்லை. ஒவ்வொரு ஒத்திகைக்கும் குறைந்தது அதே அளவு நேரம் வீட்டில் தயாரிப்புக்குப் போகும்: இன்னொரு 60. இரண்டு கச்சேரிகள், அவற்றுக்கு முந்தைய மேடை ஒத்திகைகள்: 12. பாடல் தேர்வு, ஸ்கோர் தேடல், நிர்வாகக் கூட்டங்கள், மின்னஞ்சல்கள்: 20க்குக் குறையாது. கூட்டினால் 150 மணி நேரத்தைத் தாண்டும். நீங்கள் தரப்போகும் தொகையை 60ஆல் வகுத்துப் பார்த்துத் திருப்திப்படாமல் 150ஆல் வகுத்துப் பாருங்கள். வருகிற எண் உங்களுக்கே கூச்சமாக இருந்தால், தொகையைக் கூட்டுங்கள், அல்லது ஒத்திகைகளையும் கச்சேரிகளையும் குறையுங்கள்.

இயக்குநர் ஊதியத்துக்கு வெளியே தனித்தனி வரிகளாக எழுத வேண்டியவை: பியானோ வாசிப்பவர், ஒத்திகை இடம், அரங்கம், ஸ்கோர், நிகழ்த்துரிமைக் கட்டணம் (காப்புரிமை உள்ள பாடலை மேடையில் பாடுவதற்கானது), கச்சேரிக்கு மட்டும் வரும் தனிப்பாடகர்களும் வாத்தியக்காரர்களும், காப்பீடு, அச்சு. தேடலுக்கென்றே ஒரு தொகையும் ஒதுக்குங்கள். இறுதிச் சுற்றுக்கு வருகிறவர்கள் உங்கள் பாடகர்களுக்கு ஓர் ஒத்திகை நடத்துகிறார்கள். அது வேலை, அதற்குச் சிறு சன்மானமும் பயணச் செலவும் கொடுப்பதுதான் முறை. அந்த மாலைகளுக்குப் பியானோ வாசிப்பவருக்கும் கூடுதல் நேரத்துக்கான பணம் உண்டு.

"டிக்கெட் வசூலில் பங்கு தருகிறோம்" என்று பேசாதீர்கள். வசூலில் பங்கு என்றால் இயக்குநர் கூட்டம் வரும் பாடல்களாகவே பார்த்துப் போடுவார். குழு வளர்வதற்கு வேண்டிய பாடல்கள் ஓரமாகப் போய்விடும்.

இன்னொன்று. அவர் உங்கள் ஊழியரா, வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் வேலை செய்பவரா? வரி, காப்பீடு, விடுப்பு எல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தவை. நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதால், விளம்பரத்துக்கு முன்பே கணக்காளர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.

5. தேர்வுக் குழு

ஐந்து முதல் ஏழு பேர் போதும். ஒவ்வொரு குரல் பிரிவிலிருந்தும் ஒருவர், நிர்வாகத்திலிருந்து ஒருவர், அண்மையில் சேர்ந்த பாடகர் ஒருவர். விடைபெறும் இயக்குநர் இதில் இருக்கக் கூடாது. அவரிடம் குழுவைப் பற்றிக் கேளுங்கள், விண்ணப்பித்தவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். தன் சாயலில் ஒருவரைத் தேடுவது மனித இயல்பு.

பியானோ வாசிப்பவர் விண்ணப்பிக்க நினைக்கிறாரா என்று இந்தக் கட்டத்திலேயே நேராகக் கேட்டுவிடுங்கள். ஆம் என்றால், இறுதிச் சுற்றுக்கு வெளியிலிருந்து வேறொருவரை வாசிக்கக் கூப்பிட வேண்டும். போட்டியாளருக்குப் போட்டியாளரே வாசிப்பது இரண்டு பேருக்குமே அநியாயம்.

யார் விண்ணப்பித்தார்கள் என்பது தேர்வுக் குழுவை விட்டு வெளியே போகக் கூடாது. அவர்களில் பலர் இப்போது இருக்கும் குழுவுக்குச் சொல்லாமல் விண்ணப்பித்திருப்பார்கள். கொயர் உலகம் சின்னது. ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்.

6. விளம்பரத்தில் எழுத வேண்டியதும் கேட்க வேண்டியதும்

ஊதியத் தொகை, ஒத்திகை நாளும் நேரமும், ஆண்டுக்கு எத்தனை கச்சேரி, இறுதிச் சுற்றின் தேதிகள், முடிவு தெரியும் தேதி. இவை கட்டாயம். "தகுதிக்கேற்ற ஊதியம்" என்று எழுதினால், பாதிப் பேர் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மீதிப் பேரோடு கடைசியில் மனக்கசப்பு.

கேட்க வேண்டிய ஆவணங்கள்: சுருக்கமான தன்விவரம், ஒரு பக்கக் கடிதம், அவர் வடிவமைத்து நடத்திய இரண்டு நிகழ்ச்சி நிரல்கள், மூன்று பரிந்துரைப்பவர்களின் விவரம், 10 முதல் 15 நிமிட வீடியோ. பரிந்துரைப்பவர்களில் ஒருவராவது அவரிடம் பாடியவராக இருக்கட்டும்.

வீடியோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கச்சேரி வீடியோ மட்டும் கேட்டால் அழகாகத்தான் இருக்கும். அங்கே தெரிவது பல வாரங்களின் பலன். அதில் இயக்குநரின் பங்கு எவ்வளவு, பாடகர்களின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஒத்திகை வீடியோ கேளுங்கள். பாடகர்கள் பக்கமிருந்து எடுத்ததாக, அவர் முகமும் கைகளும் தெரியும்படி, வெட்டாமல், ஒட்டாமல் இருக்க வேண்டும். கைபேசியில் எடுத்தது போதும் என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பணம் செலவழித்து எடுத்தவர்களின் வீடியோ உங்கள் கண்ணை மறைத்துவிடும்.

"முழு சீசனுக்கும் திட்டம் எழுதி அனுப்புங்கள்" என்று கேட்காதீர்கள். சம்பளம் இல்லாமல் வேலை வாங்குவது அது. உங்கள் குழுவுக்குப் பொருந்தும் என்று அவர் நினைக்கும் மூன்று பாடல்களும், ஏன் என்று இரண்டு இரண்டு வரியும் போதும். நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கத்தை அவர் படித்தாரா என்பது இதிலேயே தெரிந்துவிடும். இரண்டு டெனர்கள் என்று சொன்ன பிறகும் டெனர் மூன்றாகப் பிரியும் பாடலை அனுப்புகிறவர்கள் உண்டு!

விண்ணப்பம் வந்த அன்றே "கிடைத்தது" என்று ஒரு வரி பதில் போடுங்கள்.

7. பரிந்துரைப்பவர்களிடம் பேசுவது

கடிதம் கேட்காதீர்கள், தொலைபேசியில் பேசுங்கள். கடிதத்தில் எல்லாருமே திறமையானவர்கள், அர்ப்பணிப்புள்ளவர்கள். பேச்சில்தான் தயக்கம் காதில் விழும். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். ஒத்திகை நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடியுமா? பாடகர்கள் தயாராகாமல் வந்தால் என்ன செய்வார்? பணம் பற்றிய முடிவில் நிர்வாகம் மறுத்தபோது எப்படி நடந்துகொண்டார்? மறுபடியும் அவரிடம் பாடப் போவீர்களா?

கடைசிக் கேள்விக்குப் பதில் வருவதற்கு முன் எவ்வளவு நேரம் அமைதி இருக்கிறது என்று கவனியுங்கள்.

உங்கள் குழுவில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பாடுகிறார்கள் என்றால், உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும் பின்னணிச் சரிபார்ப்பைச் செய்யாமல் யாரையும் நியமிக்காதீர்கள். அந்தச் சான்று வர வாரக்கணக்கில் ஆகலாம். இறுதிச் சுற்றுக்கு அழைக்கும்போதே அதற்கான ஒப்புதலையும் வாங்கிவிடுங்கள்.

8. ஒத்திகைத் தேர்வு

மூன்று பேரை அழையுங்கள், மிஞ்சினால் நான்கு. அதற்கு மேல் போனால் பாடகர்களுக்கு அலுத்துவிடும், முதலில் வந்தவரின் முகமே மறந்துபோகும். ஒரு மாலைக்கு ஒருவர்தான். எல்லாருக்கும் வாரத்தின் அதே நாள், அதே நேரம், அதே அறை, அதே பியானோ. ஒருவருக்கு ஒத்திகையின் முதல் பாதி, இன்னொருவருக்குக் களைத்துப்போன இரண்டாம் பாதி என்று தராதீர்கள்.

45 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். குரல் பயிற்சிக்கு 7 நிமிடம். எல்லாருக்கும் பொதுவான ஒரு பாடலுக்கு 20 நிமிடம். அவரே தேர்ந்தெடுத்த, குழுவுக்குத் தெரியாத ஒரு பாடலுக்கு மீதி. பொதுப் பாடல் குழுவுக்குப் பாதி தெரிந்ததாக இருக்கட்டும், அப்போதுதான் திருத்த ஏதாவது மிஞ்சும். வழி தெரியாவிட்டால் மோட்சார்ட் 1791இல் எழுதிய 'ஆவே வேரும் கோர்ப்புஸ்' நல்ல தேர்வு. 46 பார்கள்தான் (பார் என்பது ஸ்கோரில் ஒரு தாளக் கட்டம்), மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும், நான்கு குரல்களுக்கும் வேலை உண்டு, உரிமைச் சிக்கல் கிடையாது. மெதுவாக நகரும் பாடல் என்பதால் மூச்சுப் பற்றாக்குறையும் சுருதி இறங்குவதும் மறைக்க முடியாமல் வெளியே வரும். இயக்குநருக்கு அங்கேதான் வேலை.

அவர் கொண்டுவரும் பாடலின் ஸ்கோர் ஒரு வாரம் முன்பே பியானோ வாசிப்பவர் கைக்கு வந்துவிட வேண்டும். பிரதிகளைச் சட்டப்படி வாங்கும் பொறுப்பும் செலவும் உங்களுடையது.

சில குழுக்கள், விண்ணப்பித்தவரின் காது எப்படி என்று பார்க்க, வேண்டுமென்றே தவறாகப் பாடச் சொல்வதுண்டு. அது வேண்டாம். அமெச்சூர் கொயருக்குத் தவறை ஏற்பாடு செய்யத் தேவையில்லை, அது தானாக வரும்.

எதைப் பார்க்க வேண்டும்?

நிறுத்தும்போது காரணத்தோடு நிறுத்துகிறாரா என்று பாருங்கள். பாட்டை நிறுத்திவிட்டு, "ம்... இன்னொரு தடவை" என்று மட்டும் சொன்னால், அவருக்கு என்ன கேட்டது என்று நமக்குத் தெரியாது, பாடகர்களுக்கும் தெரியாது. ஒரு தடவைக்கு ஒரு குறிப்புத்தான் சொல்கிறாரா, நான்கைந்தை அடுக்குகிறாரா? டெனருக்கு ஒரு வரியைச் சொல்லித்தரும்போது மற்ற மூன்று குரல்களும் என்ன செய்கின்றன? கைபேசியை எடுக்கிறார்கள் என்றால் அவர் அந்தப் பக்கத்தை மறந்துவிட்டார். அவர் கை மேலே போகும்போது உங்களுக்குத் தானாக மூச்சு உள்ளே போகிறதா? கண் ஸ்கோரில் இருக்கிறதா, உங்கள் மேல் இருக்கிறதா? 45 நிமிடத்தில் அவர் பேசியது எவ்வளவு, நீங்கள் பாடியது எவ்வளவு? ஒருவர் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து இதைக் குறித்துக்கொள்ளட்டும். அருமையாகப் பேசி எல்லாரையும் சிரிக்கவைப்பவர்கள், எண்ணிப் பார்த்தால் பாதி நேரத்தைப் பேச்சிலேயே கழித்திருப்பார்கள்.

எங்கள் தேர்வில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் புரியும். ஒரே பாடல், ஒரே இடம். ஆல்டோ நீட்டிப் பிடிக்கும் ஒரு சுவரம் ஒவ்வொரு தடவையும் தொய்ந்தது. முதலில் வந்தவர் நல்ல படிப்பாளி, பெரிய மேடைகள் கண்டவர். "ஆல்டோ, சுருதி இறங்குது, கவனிங்க" என்றார். மறுபடி பாடினோம், மறுபடி இறங்கியது. "ஆல்டோ, சுருதி" என்றார் மீண்டும். மூன்றாவது தடவை ஆல்டோக்கள் பயந்துபோய் இன்னும் மெதுவாகப் பாடினார்கள், இன்னும் இறங்கியது. அடுத்த வாரம் வந்தவர் அதே இடத்தில் நிறுத்தி, பாஸ் பிரிவை மட்டும் அடிச்சுவரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கச் சொன்னார். ஆல்டோக்களை அதன் மேல் அந்த ஒற்றைச் சுவரத்தை ஹம்மிங்காக வைக்கச் சொன்னார். அது கூடி ஒலித்ததும், வாயைத் திறந்து உயிரெழுத்தை மட்டும் பாடவைத்தார். பிறகு, "இதுக்கு முந்தின வார்த்தைக்கு முன்னாடி எல்லாரும் மூச்சு எடுத்துக்கங்க" என்றார். இவ்வளவுக்கும் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பாடிப் பார்த்தோம், நின்றது. சுருதி என்ற சொல்லையே அவர் உச்சரிக்கவில்லை.

முதலாமவர் மோசமான இசைக்கலைஞர் அல்லர். தேர்ந்த பாடகர்களிடம் "சுருதி" என்று சொன்னால் போதும், அவர்களே சரிசெய்துகொள்வார்கள். நம்மைப் போன்ற குழுக்களுக்கு எப்படிச் சரிசெய்வது என்றும் சொல்லித்தரத் தெரிந்தவர் வேண்டும்.

ஒவ்வொரு பாடகருக்கும் ஒரு படிவம் கொடுத்து, அறையை விட்டு வெளியேறும் முன்பே நிரப்பி வாங்கிவிடுங்கள். வாசலில் கூடிப் பேசிவிட்டு எழுதினால் உரக்கப் பேசுபவரின் கருத்துத்தான் எல்லாப் படிவத்திலும் இருக்கும். "பிடித்திருந்ததா?" என்ற கேள்வி வேண்டாம். இன்று என்ன கற்றுக்கொண்டீர்கள், எந்த இடம் முன்பைவிட நன்றாக ஒலித்தது, எங்கே குழம்பினீர்கள், இவரோடு 30 வாரம் வேலை செய்ய வருவீர்களா என்று கேளுங்கள். எல்லாரும் வந்து போகும்வரை யாரையும் தரவரிசைப்படுத்தச் சொல்லாதீர்கள்.

அதே மாலையில் தேர்வுக் குழுவோடு அரை மணி நேர நேர்காணலையும் வைத்துவிடலாம். இன்று நடந்த ஒத்திகையில் எதை மாற்றிச் செய்திருப்பீர்கள் என்று கேளுங்கள். நேர்மையான பதில் வருகிறதா என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

9. முடிவெடுப்பது

பாடகர்களின் படிவங்கள் ஆலோசனையா, ஓட்டா? ஒத்திகைத் தேர்வு தொடங்கும் முன்பே இதை அறிவித்துவிட வேண்டும். ஆலோசனையாக வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். பாடகர்கள் பார்த்தது ஒரு மாலையை. தேர்வுக் குழு விண்ணப்பத்தையும், வீடியோவையும், பரிந்துரைகளையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது. ஆனால் படிவங்களில் ஒரு முழுக் குரல் பிரிவே "இவர் எங்களைக் கவனிக்கவில்லை" என்று எழுதியிருந்தால், அதை ஒதுக்கிவிட்டு முன்னேறாதீர்கள்.

கடைசியாக வந்தவர் மனதில் பளிச்சென்று நிற்பார். கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவருடைய ஒத்திகைப் பதிவையும் (முன்அனுமதியோடு எடுத்ததுதான்) பத்து நிமிடம் திரும்பப் பாருங்கள்.

முதலிடத்தில் உள்ளவர் கையெழுத்துப் போடும்வரை இரண்டாமிடத்தில் உள்ளவருக்கு மறுப்பு அனுப்பாதீர்கள். அதற்காக அவரை ஒரு மாதம் காக்கவைக்கவும் கூடாது. பதில் சொல்ல முதலாமவருக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

10. ஒப்பந்தம்

நட்பு வேறு, காகிதம் வேறு. முதல் ஒப்பந்தம் ஒரு சீசனுக்கு, அதன் பிறகு இரு தரப்புக்கும் சரி என்றால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு. ஒத்திகை எத்தனை, கச்சேரி எத்தனை, கூடுதல் ஒத்திகைக்கு எவ்வளவு, பணம் எந்தத் தேதியில், உடல்நலமில்லாதபோது மாற்று ஆளை யார் ஏற்பாடு செய்வது, அவருக்குப் பணம் யார் கொடுப்பது, கச்சேரி ரத்தானால் என்ன, விலகுவதற்கு எத்தனை மாத முன்னறிவிப்பு. மூன்று மாதம் என்று எழுதிவிட்டு, சீசன் நடுவில் முறிக்காமல் கச்சேரி முடிந்த பிறகு நடைமுறைக்கு வரும்படி ஒரு வரி சேர்ப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

பலர் விட்டுவிடும் மூன்று விஷயங்கள் உண்டு. ஒன்று, பாடகரைச் சேர்ப்பதும் நீக்குவதும் யார் கையில்? குரல் தகுதியைச் சொல்வது இயக்குநர், நீக்கும் முடிவை எடுப்பது நிர்வாகம் என்று பிரித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் இருபது ஆண்டாகப் பாடும் ஒருவரிடம் ஒரு நாள் ஒத்திகை முடிவில் ஏதோ சொல்லப்பட்டு, மறுநாள் ஐந்து பேர் விலகல் கடிதத்தோடு நிற்பார்கள். இரண்டு, பாடல்களைத் தேர்ந்தெடுப்பது அவர் உரிமை, செலவு வரம்பு உங்கள் உரிமை. மூன்று, அவர் உங்கள் குழுவுக்கென்று ஒரு பாடலை அமைத்துத் தந்தால் அந்த அமைப்பு யாருடையது? உரிமை அவருக்கு, கட்டணமின்றிப் பாடும் அனுமதி குழுவுக்கு என்று எழுதுவது நியாயமாக இருக்கும். எதுவும் எழுதாமல் விட்டால், அவர் விலகிய பிறகு உங்கள் குழுவின் அடையாளமாகிவிட்ட பாடலையே பாட முடியாமல் போகலாம்.

11. முதல் சீசன்

அரங்கத்தை அவர் வரும் முன்பே பதிவு செய்திருப்பீர்கள். தேதிகளையும், மேடையில் எத்தனை பேர் நிற்கலாம் என்பதையும், அங்கே பியானோ இருக்கிறதா என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதல் கச்சேரிக்குப் பெரிய படைப்பு எதையும் தூக்காதீர்கள். ஹேண்டலின் 'மெசையா' முழுதும் பாடினால் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும், தனிப்பாடகர்களும் வாத்தியக் குழுவும் வேண்டும். விவால்டியின் 'குளோரியா' அரை மணி நேரம்தான், பியானோவையோ ஆர்கனையோ வைத்தும் சமாளிக்கலாம். இரண்டு மணி நேர ஒத்திகைகள் 12 முதல் 14 வரை இருந்தால், ஒரு மணி நேர நிகழ்ச்சியை ஒரு சராசரி அமெச்சூர் கொயர் பதற்றமில்லாமல் தயாரிக்கலாம். அதில் மூன்றில் ஒரு பங்கு குழுவுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடல்களாக இருக்கட்டும்.

புதியவர் எல்லாருடைய குரலையும் தனித்தனியே கேட்க விரும்புவார். கேட்கட்டும், அது தேவைதான். ஆனால் "மறுதேர்வு" என்று அறிவிப்புப் போகக் கூடாது. அறிமுகச் சந்திப்பு, ஆளுக்கு பத்து நிமிடம், இதனால் யாரும் வெளியே போகமாட்டார்கள் என்று நிர்வாகமே எழுதி அனுப்ப வேண்டும். ஒரு குழுவில், ஆல்டோவில் பல ஆண்டுகள் ஒளிந்திருந்த ஒரு சொப்ரானோவை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

புகார்கள் வரும். வார்ம்-அப் நீளம், உட்காரும் இடத்தை மாற்றிவிட்டார், பழையவர் இப்படிச் செய்யமாட்டார். இவை எல்லாவற்றையும் நிர்வாகத்தில் ஒரே ஒருவர் வாங்கிக்கொண்டு, மாதம் ஒரு முறை இயக்குநரிடம் உட்கார்ந்து தொகுத்துச் சொல்லட்டும். ஒத்திகை முடிந்ததும் ஆளுக்கொருவராக அவரைச் சூழ்ந்துகொள்வதைத் தடுக்க வேறு வழியில்லை. சில பாடகர்கள் விலகவும் செய்வார்கள். இயக்குநர் மாறும்போது இது எங்கும் நடப்பதுதான். யார் போனார்கள் என்று எண்ணும்போது புதிதாக யார் வந்தார்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.

முதல் கச்சேரி முடிந்து இரண்டு வாரத்துக்குள் மதிப்பாய்வுக் கூட்டத்தை வைத்துவிடுங்கள். அடுத்த சீசனுக்கு அவர் தொடர்கிறாரா என்பது அங்கேயே எழுத்தில் முடிவாக வேண்டும். அரங்க முன்பணம், ஸ்கோர் ஆர்டர், பியானோ வாசிப்பவரின் தேதிகள் மூன்றும் அந்தக் கையெழுத்துக்காகத்தான் காத்திருக்கும்.